வீட்டுக்கு இரண்டாவது நாய் வந்தால்: தீனிக்கும் கூண்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து வீடுகளில் இரண்டாவது நாய் திட்டம் போட்டு வருவது குறைவு. செம்பனைக் காட்டோரம் யாரோ விட்டுப்போன குட்டியை, குலை வெட்டப் போனவர் மோட்டார் கூடையில் போட்டு எடுத்து வந்துவிடுவார். இல்லையென்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகும் மாமா, "அங்க நாய் வைக்க விடமாட்டாங்கப்பா, நீ பார்த்துக்க" என்று வளர்ந்த நாயைக் கயிற்றோடு கையில் கொடுத்துவிடுவார்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: "ஒரே மங்குல (கிண்ணத்தில்) போடு, ரெண்டு நாள்ல பழகிடும்." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே வீட்டு நாய்களுக்குள் வரும் சண்டைகளில் நான் பார்த்த பெரும்பாலானவை தீனி மங்கையோ, எலும்பையோ, படுக்கும் இடத்தையோ சுற்றி வந்தவைதான். தின்பதையும் தூங்குவதையும் பிரித்து வைத்துவிட்டால் மற்ற நேரத்தில் இரண்டும் தாமாகவே பழகிக்கொள்ளும்.

புதிய நாயைக் கொண்டுவரும் முன் ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கம் நாய் உரிமம் நகராண்மைக் கழகத்தில் எடுக்க வேண்டும். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்பதற்கு ஊராட்சிக்கு ஊராட்சி வரம்பு உண்டு. வரிசை வீட்டில் இரண்டாவதற்கு அனுமதி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுக்காரர் முஸ்லிமாக இருந்தால் அவர்கள் சுவரை ஒட்டிக் கூண்டு வைக்காமல், கழுவும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வது மரியாதை. சொல்லிவிட்டு வளர்த்தால் பின்னால் புகாரும் வராது.

முதல் படி: கூண்டு முதலில் பழைய நாய்க்கு

எல்லோரும் புதிய நாய்க்குத்தான் கூண்டு வாங்க ஓடுகிறார்கள். முதலில் பழக வேண்டியது வீட்டில் ஏற்கெனவே இருப்பது. புதியது வந்த அன்றே பழையதைக் கூண்டில் அடைத்தால், "இவன் வந்ததால் எனக்குச் சிறை" என்றுதான் அது கணக்குப் போடும். அதனால் முடிந்தால் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள்.

கூண்டைக் கூடத்தில் வைத்துக் கதவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் திறந்தபடி கட்டிவிடுங்கள். சில நாளைக்கு நாயை உள்ளே தள்ளவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். போகிற வருகிற போதெல்லாம் அவித்த கோழி ஈரலில் நகமளவு துண்டை உள்ளே எறியுங்கள். தானே போய் எடுத்துக்கொண்டு வெளியே வரட்டும். அது பழகியதும் தீனி மங்கைக் கூண்டு வாசலில் வையுங்கள். பிறகு வாசலுக்குச் சற்று உள்ளே, கடைசியில் பின்சுவரை ஒட்டி. உள்ளே நின்று நிம்மதியாகச் சாப்பிடும்போது கதவைச் சாத்தி, தின்று முடித்த உடனே திறந்துவிடுங்கள். அடுத்தடுத்த நாள்களில் முடித்த பிறகும் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி நேரம் என்று நீட்டுங்கள்.

முனகினால் என்ன செய்வது? ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தால் வெளியே கூட்டிப்போய், வேலை முடிந்ததும் பேச்சுக் கொடுக்காமல் திரும்ப உள்ளே விடுங்கள். சும்மா முனகினால் ஒரு கணம் அமைதியாகும்வரை காத்திருந்து திறங்கள். ஆனால் எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, நகத்தில் இரத்தம் வர முயல்வது முனகல் இல்லை, அது பீதி. தெருவில் வளர்ந்து ஒருநாளும் அடைபடாத நாய்களிடம் இதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நாய்க்குக் கூண்டை விட்டுவிட்டு, பின்கட்டு அறையின் வாசலில் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு கேட் ஒன்றைப் பொருத்துங்கள். பிரிப்பதுதான் நமக்கு வேண்டியது, அதைக் கூண்டு செய்தாலும் ஒன்றுதான், கதவு செய்தாலும் ஒன்றுதான்.

கூண்டின் அளவும் இடமும்

நாய் தலை முட்டாமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். 15 முதல் 20 கிலோ வரை எடையுள்ள நம்ம ஊர் நாய்க்கு 36 அங்குல நீளக் கம்பிக் கூண்டு போதும். 30 கிலோவை நெருங்கினால் 42 அங்குலம் பாருங்கள். குட்டிக்கு வளர்ந்த பிறகு வேண்டிய அளவிலேயே வாங்கி, நடுவில் தடுப்பு போட்டு இடத்தைக் குறுக்குங்கள். இடம் அதிகமிருந்தால் ஒரு மூலையில் மூத்திரம் பெய்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும், சுத்தப் பழக்கம் வராது.

அடித்தளம் வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். தட்டு போட்டு, மேலே பழைய சாரமோ கோணியோ விரித்துவிடுங்கள். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பட்டையின் வளையம் கம்பியில் மாட்டி நாய் மூச்சுத் திணறிச் செத்துப்போவது நடக்கக்கூடியது. இதை மட்டும் சோம்பல்படாதீர்கள்.

அடுத்தது வெயில். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஜிங் கூரை போட்ட வீடுகளில் நண்பகலில் அந்த இடம் அடுப்படி. நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உடல் சூடு 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் கூண்டு வீட்டுக்குள், சிமெண்டுத் தரையில், காற்று வரும் மூலையில் இருக்கட்டும். காற்றாடி நேராக முகத்தில் அடிக்காமல் அறையில் காற்றைச் சுழற்றினால் போதும். குட்டிகளுக்கு இருட்டுப் பிடிக்கும் என்று நான்கு பக்கமும் துணியால் மூடும் வழக்கம் குளிர்நாட்டுக்காரர்களுடையது. இங்கே பின்புறத்தையும் ஒரு பக்கத்தையும் மட்டும் மறையுங்கள். கொசுவத்தியைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொளுத்த வேண்டாம், புகை போக வழி இராது. கொசுதானே என்று விட்டுவிடவும் கூடாது. இதயப்புழு கொசுக்கடியில்தான் பரவுகிறது, அதற்கு மாதாமாதம் கொடுக்கும் மருந்து கிளினிக்கில் கிடைக்கும்.

இரண்டு கூண்டுகளின் வாசலும் எதிரெதிரே பார்க்கக் கூடாது. முறைத்துக்கொண்டே படுத்திருந்தால் எதுவும் தூங்காது. ஒன்றைக் கூடத்திலும் மற்றதைச் சமையலறை பக்கத்திலும் வைப்பது நல்லது. இடமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே பலகையோ கெட்டி அட்டையோ செருகிவிடுங்கள்.

இரண்டாம் படி: முதல் இரண்டு வாரம் தனித்தனி

எங்கிருந்து வந்தது என்று தெரியாத நாயை நேராகப் பழைய நாயிடம் விடாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம். அதனால் அந்த இரண்டு வாரமும் புதியதற்கு வேறு அறை, வேறு மங்கு, வேறு துணி. முதலில் பழைய நாயைக் கவனித்துவிட்டு அப்புறம் புதியதிடம் போங்கள், பிறகு கைகால் கழுவுங்கள். தரையைக் கழுவும்போது ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (துணி வெளுக்கும் திரவம்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிவிட்டால் பார்வோ சாகும். மற்ற சோப்பு பலவற்றுக்கு அது சாகாது.

இந்த இரண்டு வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒரு நடை போய்வாருங்கள், ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து. தோட்டத்துப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், ஒரு நாயிடமிருந்து உண்ணி மற்றதற்கு ஏற ஒரே இரவு போதும். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் பயன். எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி உண்டு, எலி நடமாடும் செம்பனைப் பகுதியில் அது வீண் செலவில்லை. வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது, 2017 முதல் சரவாக்கில் பரவியது. பேராக்கில் இருக்கிற நமக்கு அது தூரத்துச் சேதி இல்லை. அந்தத் தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரிந்திருக்கும் இந்த நாள்களிலேயே வாசனை அறிமுகம் நடக்கட்டும். மருத்துவர் நோயில்லை என்று சொன்ன பிறகு, புதியது படுத்த துணியைப் பழையதன் தீனி மங்குக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அந்த வாசனை வந்தால் சாப்பாடும் வருகிறது என்று அதன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சந்திப்பு வீட்டு வாசலில் வேண்டாம். திடலில், ஆளுக்கொரு நாயாக, பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தாதீர்கள். நடக்க நடக்க இடைவெளியைக் குறைத்து, வால் தளர்ந்து ஆடினால் சில விநாடி மோந்து பார்க்க விட்டு, மறுபடியும் நடங்கள். இரண்டும் களைத்த பிறகு வீட்டுக்குள் புதியது முதலில் போகட்டும், பழையது பின்னால் வரட்டும். வீட்டுக்குள் போகும் முன் தரையில் கிடக்கும் மங்கு, எலும்பு, பந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தீனி வேளை

எந்நேரமும் மங்கில் தீனி நிரப்பி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு நாய் இருந்தவரை அது சரி, இரண்டு வந்தால் அதுதான் வம்பு. மணிக்கணக்கு வேண்டும். மூன்று நான்கு மாதம்வரை குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, அதன் பிறகு இரண்டு. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) போகிற வீட்டில் நீங்கள் பசியாறும் நேரத்திலேயே நாய்களுக்கும் வைத்துவிடலாம், மாலை வேளை ஆறு மணிக்கு. நேரம் எதுவாக இருந்தாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டு மாலை வேளையைச் சொல்கிறேன். மூத்தவன் ராஜா, அடுத்து வந்தவள் சிட்டு. மங்கு இரண்டும் சமையலறை மேடையில் நிரப்பப்படும்போது இருவரும் அவரவர் கூண்டுக்குள் போய்விடுவார்கள், பட்டை கழற்றப்படும், கதவு சாத்தப்படும். அதன் பிறகுதான் மங்கு மேடையை விட்டு இறங்கும். முதலில் ராஜாவுக்கு, பின்னாலேயே சிட்டுவுக்கு. இருபது நிமிடம். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் மங்கு மேலே போய்விடும். ஒருவர் முதலில் முடித்துவிட்டார் என்று கதவைத் திறந்துவிடுவதில்லை. இரண்டு மங்கும் கழுவிக் கவிழ்த்து, சிந்திய பருக்கையைக் கூட்டிய பிறகுதான் கதவு திறக்கும். திறந்ததும் இருவரும் நேராகப் பின்வாசலுக்கு ஓடுவார்கள், ஏனென்றால் தின்ற கொஞ்ச நேரத்தில் குட்டிக்கு வெளியே போக வேண்டும் என்பது பழகிவிட்டது.

இதில் வரிசைதான் முக்கியம்: அடைப்பு, மங்கு, காத்திருப்பு, மங்கை எடுப்பது, திறப்பு. மங்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாய்களுக்கும் நடுவில் நடப்பதுதான் அபாயமான நேரம். அதனால் மங்கு இறங்கும் முன் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

கூண்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் புதியது கூண்டுக்குள், பழையது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறையில். கூண்டில் இருப்பதன் முன்னால் பழையது வந்து நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்க விடக் கூடாது. கம்பிக்குள்ளிருந்து ஓட வழியில்லாத நாய், தீனியைக் காக்கக் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு இடத்தில். ஒரே தொட்டியாக இருந்தால் ஒன்று பக்கத்தில் படுத்துக்கொண்டு மற்றதை விடாது. சத்தமில்லாமல் நடப்பதால் நமக்குத் தெரியாமலே போகும்.

எறும்பு? அகலமான தட்டில் ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் மங்கை வையுங்கள். உள்ளே சாப்பிட வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியே வைத்தால் குரங்கும் உடும்பும் பக்கத்து வீட்டுக் கோழியும் பங்குக்கு வரும், மிச்சத்துக்கு எலி வரும். எலி வந்தால் எலி விஷம் தின்ற எலியும் வரும். செம்பனை மரத்தடியில் வைக்கும் மெழுகுக் கட்டி விஷம் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. அதைத் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து உண்டு. அறிகுறி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுப்பு, சோர்வு, மூக்கில் இரத்தம். சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் ஓடுங்கள், கே1 வைட்டமின் சரியான நேரத்தில் போட்டால் காப்பாற்றலாம்.

எதைப் போடுவது

இரண்டுக்கும் ஒரே பாக்கெட் தீனி வாங்கினால் செலவு மிச்சம் என்று தோன்றும். குட்டிக்கு வளர்ச்சிக்கான தீனி வேண்டும், அதைப் பெரிய நாய் தொடர்ந்து தின்றால் கொழுக்கும், வயிறும் கலங்கும். ஆளுக்கொரு பாக்கெட், ஆளுக்கொரு மூடிய டின். இதற்கும் கூண்டுதான் வசதி, யார் எதைத் தின்றார் என்பதில் சந்தேகமே வராது. ஒரு நாய் சாப்பாட்டை விட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். பொது மங்கில் போடுகிற வீட்டில் நாய் இளைத்த பிறகுதான் தெரியவரும்.

புதியது முன்பு தின்றதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதிலேயே தொடங்குங்கள். மாற்றுவதென்றால் ஏழு முதல் பத்து நாளில்: முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். ஒரேயடியாக மாற்றினால் பேதி. கூண்டுக்குள் பேதி என்றால் கழுவுவது நீங்கள்தான்.

நம் வீடுகளில் சோறும் கோழி ஈரலும் கழுத்தும் அவித்துப் போடுவது வழக்கம். வளர்ந்த நாய்க்குப் பாக்கெட் தீனியோடு கொஞ்சம் கலந்து போடலாம், குட்டிக்கு அதுவே முழு உணவாகாது, சுண்ணாம்புச் சத்து போதாது. கறிக்குழம்பு மிச்சம் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு ஈர்க்காக உடைந்து குடலைக் கிழிக்கும். தீபாவளிக்கு வரும் திராட்சை போட்ட கேக், சாக்லேட் இரண்டும் விஷம். நெத்திலியும் பெலச்சான் என்ற இறால் விழுதும் உப்பு.

அளவை மங்கால் அளக்காமல் ஒரு குவளையால் அளங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான உடம்பு. தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது ஓட்டம் ஆட்டம் வேண்டாம், குறிப்பாக நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

நான்காம் படி: உறுமலைப் படியுங்கள்

தீனியைக் காக்கும் நாய் உறுமுவதற்கு முன்பே பலவிதமாகச் சொல்லிவிடும். மங்கின் மேல் தலை இன்னும் தாழும். மெல்வது நிற்கும், இல்லையென்றால் திடீரென்று வேகம் பிடிக்கும். உடம்பு கட்டையாகும். தலை திரும்பாது, கண் மட்டும் ஓரத்துக்குப் போகும், வெள்ளை விழி பிறையாகத் தெரியும். அதற்கு அப்புறம் உதடு, உறுமல், பல். சிட்டு வந்த புதிதில் ராஜாவின் வால் அடிப்பாகம் மட்டும் விறைத்து நுனி ஆடாமல் நிற்கும், மற்ற எல்லாம் வழக்கம்போல இருக்கும். கூண்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதா தொங்கவிட்டதும் அந்த வால் இறங்கிவிட்டது.

உறுமலுக்கு அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். எச்சரிக்கை செய்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். "யார் எஜமான்னு காட்டணும்" என்று தின்றுகொண்டிருக்கும்போது மங்கைப் பிடுங்குவதும் இதே தீமையைத்தான் செய்யும். செய்ய வேண்டியது இரண்டு. இடைவெளியைக் கூட்டுங்கள், நடுவில் மறைப்பு போடுங்கள். பிறகு நீங்கள் கூண்டைக் கடந்து போகும்போதெல்லாம் மங்கில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, ஒரு ஈரல் துண்டை, கம்பி வழியாகப் போட்டுவிட்டு நிற்காமல் நடந்துவிடுங்கள். ஆள் பக்கத்தில் வந்தால் நல்லது விழும் என்று அதற்குப் பழகும். வாயில் கவ்வியதை வாங்க வேண்டுமென்றாலும் பிடுங்காமல் மாற்றுப் பொருள் கொடுத்து வாங்குங்கள்.

எலும்பு, மாட்டுத் தோல், தீனி அடைத்த ரப்பர் பொம்மை ஆகியவை கூண்டுக்கு வெளியே கிடைக்கவே கூடாத பொருள்கள். கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் கொடுத்து, திறக்கும் முன் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ரொட்டிச் சானாய் துண்டு ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைதான் பல சண்டைக்குக் காரணம். நாய் கூண்டுக்குள் இருக்கும்போது பிள்ளைகள் கை விடக் கூடாது, கம்பியைத் தட்டவும் கூடாது.

ஐந்தாம் படி: மாற்றி மாற்றி விடுவது

முதல் சில வாரம் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. பழைய நாய்க்கு வெளியே கிடைக்கும் நேரம் முன்பைவிடக் குறையக் கூடாது. காலை நடை, மாலையில் உங்கள் காலடியில் படுக்கும் நேரம், சோபாவோரத்து இடம் எல்லாம் அதற்கு முன்புபோலவே இருக்கட்டும். புதியதற்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் கொடுங்கள். அது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். புதியது முன்பு இங்கே வாழ்ந்ததில்லை, அது எதையும் இழக்கவில்லை.

அப்புறம் இரண்டும் சேர்ந்து வெளியே இருக்கும் நேரத்தை, தீனியும் பொம்மையும் இல்லாத, களைப்பான நேரமாகப் பாருங்கள். நடைக்குப் பிறகு நல்ல நேரம். கயிற்றைக் கழற்றாமல் தரையில் இழுபட விடுங்கள், தேவைப்பட்டால் மிதித்து நிறுத்தலாம். பத்து நிமிடம் நன்றாகப் போனால் அதோடு நிறுத்திப் பிரித்துவிடுங்கள். சண்டை வரும்வரை காத்திருந்து பிரிப்பவர்களே அதிகம். நீங்கள் வீட்டில் இல்லாதபோதும், தூங்கும்போதும் பல மாதம்வரை இரண்டும் தனித்தனிதான்.

குட்டி முதல் சில இரவு அழும். கூண்டைப் படுக்கையறைக்குள், உங்கள் கை எட்டும் தூரத்தில் வைத்தால் பாதி அழுகை குறையும். கூடத்துக்கு நகர்த்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பகல் முழுக்க வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வது என்பதுதான் நம் ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்வி. தொழிற்சாலை பஸ் விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து இரவில்தான் இறக்கிவிடும். அவ்வளவு நேரம் எந்த நாயையும் கூண்டில் வைக்க முடியாது. குட்டிக்குக் கணக்கு இது: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சம், மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி. வளர்ந்த நாய்க்கும் பகலில் நாலைந்து மணிக்கு மேல் வேண்டாம். இரவில் எல்லோரும் தூங்கும்போது ஏழெட்டு மணி பரவாயில்லை. ஷிப்ட் வீட்டில் கூண்டு தீனிக்கும் இரவுக்கும் மட்டும். பகலில் ஒன்று பின்கட்டு அறையில் தடுப்பு கேட்டோடு, மற்றது கூடத்தில். நடுவில் அண்டை வீட்டுப் பாட்டியோ அத்தையோ ஒருமுறை வந்து திறந்துவிட்டால் போதும். அப்படி யாரும் கிடைக்காத வீட்டில் இரண்டாவது நாய் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

சட்டமும் இதைப் பார்க்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சண்டை வந்துவிட்டால்

கையை நடுவில் விடாதீர்கள், கழுத்துப் பட்டையையும் பிடிக்காதீர்கள், உங்கள் நாயே உங்களைக் கடிக்கும். ஒரு வாளித் தண்ணீர், தகரத் தட்டைத் தரையில் அடிக்கும் சத்தம், நடுவில் செருகும் பலகை அல்லது நாற்காலி. இரண்டு பேர் இருந்தால் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்கலாம். பிரித்ததும் நேராகக் கூண்டுக்கு, பார்வை படாமல். அன்று முழுக்கத் தனி, மறுநாள் திடல் நடையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பல் பட்ட காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்குக் கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு பெண் நாய்களுக்குள் சண்டை வந்தால் அது எளிதில் ஓய்வதில்லை என்பது பல வளர்ப்பாளர்கள் சொல்வது, நானும் கண்டிருக்கிறேன். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஆணும் பெண்ணுமாக வைத்து, இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். செய்யும்வரை பருவத்துக்கு வரும் நாள்களில் ஒரு கூண்டு மட்டும் போதாது, நடுவில் பூட்டிய கதவும் வேண்டும்.

எப்போது தளர்த்துவது

சில மாதம் ஒரு உறுமலும் இல்லாமல் போனால், கூண்டுக் கதவைச் சாத்தாமல் தீனி வைத்துப் பாருங்கள். அதுவும் சரியாகப் போனால் அறையின் எதிரெதிர் மூலையில், முதுகுக்கு முதுகாக, நீங்கள் நடுவில் நிற்க. ஒன்று முடித்துவிட்டு மற்றதன் மங்கை நோக்கி நடந்தால் அன்றே பழைய முறைக்குத் திரும்பிவிடுங்கள். ஆயுள் முழுக்கக் கதவு சாத்தித்தான் தின்னும் என்றாலும் அதில் குறையொன்றும் இல்லை, இருபது நிமிட வேலைதான்.

ஒரே மங்கை மட்டும் எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கோ, கல்யாணத்துக்குக் கோலாலம்பூருக்கோ போகும்போது பார்த்துக்கொள்ள வருபவருக்கு இந்த ஒழுங்கு எதுவும் தெரியாது. நல்லெண்ணத்தில் இரண்டுக்கும் ஒன்றாகப் போட்டுவிடுவார். ஒவ்வொரு கூண்டின் மேலும் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள்: நாயின் பெயர், எந்த டின்னிலிருந்து, எத்தனை குவளை, எத்தனை மணிக்கு, பட்டை கழற்ற வேண்டும், மங்கை எடுத்த பிறகு திறக்க வேண்டும், கிளினிக் தொலைபேசி எண். புறப்படுவதற்கு முந்தின மாலை அவரை வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் நிற்க ஒருவேளை அவரே வைக்கட்டும்.